எழினி என்று பெயர் வைக்கிறார்களாம்

மஸ்கட்

அன்புள்ள தனக்கொடிக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

தம்பி ஜெயபாண்டி தன் பேத்திக்கு எழினி என்று பெயர் வைக்கிறானாம். நம் மகளுக்கு நான் அதை வைத்தபோது, "வாயில நுழையலண்ணே, வேற பேரா கெடைக்கல?" என்று சிரித்தவன். அவள் காய்ச்சலில் போய் இருபது வருடம் கழித்து அது நாகரிகப் பெயராகிவிட்டது. இங்கே கேன்டீனிலும் ஒருவர் போனில் மகளை அப்படித்தான் கூப்பிடுகிறார். நேற்று அந்தப் பெயர் காதில் விழுந்ததும், "என்னம்மா" என்று நான் வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டேன். பயப்படாதே, வெயில் அசதிதான்.

இங்கிருந்து லீவில் ஊருக்கு வந்திருக்கும் என் அறைத்தோழன் ராஜபாண்டியிடம் எலுமிச்சை ஊறுகாயும் நம் மகள் படமும் கொடுத்தனுப்பு.

தம்பி அன்று சிரித்த சிரிப்பை நான் மறக்கவில்லை. ஆனாலும் பெயர் வைக்கும் நாளில் நீ பேரையூருக்கு அவன் வீட்டுக்குப் போ. குழந்தையின் காதில் மூன்று முறை பெயரை நீயே சொல். அவர்கள் 'எளினி' என்பார்கள். அப்படிக் கூப்பிட்டபோது நம் மகள் ஒருநாளும் திரும்பியதில்லை. இப்போதும் திரும்ப மாட்டாள்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

முத்திருளன்