கோபம்னு எழுத மாட்டேன்

என் செல்லக் கண்ணுக்கு அம்மா ஆசையா எழுதறது. இங்க நானும் அப்பாவும் ஒரு குறையும் இல்லாம இருக்கோம், அப்பாவோட முழங்கால் வலி மட்டும் மாடிப்படியைப் பார்த்தா வரும், டிவியைப் பார்த்தா போயிடும். நீயும் அங்க உடம்பும் மனசுமா நல்லா இருக்கணும். போன்லயே சொல்லிடலாம்னுதான் நினைச்சேன், ஆனா நீ அஞ்சு நிமிஷத்துல சரிம்மா சரிம்மான்னு வச்சிடுவே. இது அஞ்சு நிமிஷ விஷயம் இல்ல, உங்க அம்மா ஜெயிச்ச விஷயம். நான் உட்கார்ந்து எழுதறேன், நீயும் உட்கார்ந்து படி.

நான் வேலை பார்க்கிற முதியோர் இல்லத்துல ஷிப்ட் முடியும்போது ரெஜிஸ்டர் எழுதணும்னு சொல்லியிருக்கேன் இல்ல, ஆளுக்கு ஒரு வரி, சாப்பிட்டாங்களா, தூங்கினாங்களா, ஓரத்துக் கட்டத்துல மனசு எப்படி இருந்துச்சுன்னு இங்கிலீஷ்ல ஒரு வார்த்தை. டாக்டர் அதைப் பார்த்துதான் முடிவெடுப்பார். எங்களுக்குத் தெரிஞ்சதோ ஹேப்பி, சேட், ஆங்ரி, மூணே மூணு. அதுவும் வீட்டுக்குக் கிளம்பற அவசரத்துல நேத்து மேல என்ன இருக்கோ அதையே கீழ இறக்கிட்டுப் பையைத் தூக்கிடுவோம், நானும்தான், பொய் சொல்லல. இதைப் புலம்பினப்பதான் நீ நாலு தாள்ல மனசுக்கான வார்த்தைகளை வகை வகையா எழுதி, பக்கத்துலயே தமிழ்ல உதாரணமும் போட்டு அனுப்பினே. அப்பா அதைப் படிச்சுட்டு, கோபத்துக்கே இத்தனை வார்த்தையா, எனக்கு உங்க அம்மா மூஞ்சி ஒண்ணே போதும்னார். சிரிக்காதே, நான் அன்னிக்கு ஆங்ரி இல்ல, அந்த நாலு தாள்ல ரெண்டாவதா இருக்கே இரிடேட்டட், சும்மா எரிச்சல், அதுதான்.

இப்ப விஷயத்துக்கு வரேன். ரெண்டு மாசம் முன்னாடி ஒரு பெரியவர் வந்து சேர்ந்தார். நாற்பது வருஷம் சலூன் வச்சிருந்தவர், அதனால நாங்க சலூன் ஐயான்னு கூப்பிடுவோம். கை நடுக்கம் அவருக்கு, ஸ்பூனை வாய்க்குக் கொண்டு போறதுக்குள்ள பாதி சட்டையில இருக்கும். அதனால சாப்பாட்டு நேரத்துல ஹாலுக்கு நடுவுல உட்கார வச்சு, கழுத்துல ஒரு துணியைக் கட்டி, நாங்களே ஊட்டி விடுவோம். துணியை எடுத்தாலே தட்டைத் தள்ளிடுவார், ஒரு நாள் தண்ணி ஜக்கே பறந்துச்சு. அன்னிக்கு யாரோ ஆங்ரின்னு எழுதினாங்க. அப்புறம் என்ன, அதோட சேர்த்துப் பன்னிரண்டு நாள் மேலிருந்து கீழ ஆங்ரி, ஆங்ரி, ஆங்ரி. வெள்ளிக்கிழமை டாக்டர் வந்து அவரை ஊருக்கு வெளியில, சமாளிக்க முடியாதவங்களை வைக்கிற பூட்டுப் போட்ட கட்டிடத்துக்கு மாத்தப் போறதா மேனேஜரம்மா சொன்னாங்க. அங்க போனவங்க யாரும் திரும்பி வந்து நான் பார்த்ததில்ல. கேட்டதுமே ரெஜிஸ்டரைப் புரட்டினேன், அந்தப் பன்னிரண்டுல நாலு என் கையெழுத்து.

மறுநாள் மத்தியானம் அவருக்குச் சாப்பாடு என் பொறுப்பு. துணியை விரிச்சேன், டக்குனு என் மணிக்கட்டைப் பிடிச்சுட்டார். நான் முகத்தைப் பார்த்தேன். கோபக்காரர்னா என்னைத்தானே முறைக்கணும்? அவர் என்னைப் பார்க்கவே இல்ல கண்ணு. பக்கத்து மேஜையில யார் பார்க்கிறாங்க, எதிர்ல யார் பார்க்கிறாங்கன்னு கண்ணு சுத்திச் சுத்திப் போகுது. எனக்குச் சுருக்குனு தைச்சுது. எத்தனை ஆயிரம் கழுத்துல துணியைக் கட்டி, உதறி, நிமிர்ந்து உட்காருங்கன்னு சொன்ன மனுஷன், அவர் கழுத்துல போய் நாலு பேர் முன்னாடி நாங்க கட்டறோமே! துணியை மடிச்சு இடுப்புல செருகிக்கிட்டேன். அவர் கையை விட்டுட்டார்.

ரெஜிஸ்டர் எழுத உட்கார்ந்தா கை ஓடல. ஆங்ரின்னு எழுத மாட்டேன், அது முடிவாயிடுச்சு. ஆனா வேற என்ன? உன் மூணாவது தாளை எடுத்தேன். எம்பாரஸ்ட், பஸ்ல தடுக்கி விழுந்துட்டு எழுந்திருக்கிறப்ப வர்றதுன்னு போட்டிருந்தே. அது பஸ்ஸை விட்டு இறங்கினா போயிடும், இது போகலையே. அஷேம்ட், நாம தப்புப் பண்ணிட்டோமேன்னு உள்ளுக்குள்ள குறுகறது. அவர் என்ன தப்புப் பண்ணினார், கை நடுங்கறது ஒரு தப்பா? அதுக்குக் கீழ ஹ்யூமிலியேட்டட், நாலு பேர் முன்னாடி இன்னொருத்தர் நம்மளைத் தாழ்த்தறப்ப வர்றதுன்னு எழுதியிருந்தே. அந்த இன்னொருத்தர் யார்னு யோசிச்சதும் பேனா நின்னுடுச்சு. நாங்கதான். எம்பாரஸ்ட்னு எழுதினா யாருக்கும் வம்பில்ல, நானும் நிம்மதியா வீட்டுக்குப் போகலாம். ஆனா அது பொய்யாயிடும். எழுத்து எழுத்தா உன் தாளைப் பார்த்துப் பெரிய வார்த்தையையே எழுதினேன், கீழ முழுக் கையெழுத்தும் போட்டேன்.

காலையில மேனேஜரம்மா கூப்பிட்டாங்க. இந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு தெரியுமா, நாம அவரை அவமானப்படுத்தறோம்னு நாமளே எழுதிக் குடுக்கிற மாதிரி, அடிச்சுட்டு வேற எழுதுங்கன்னாங்க. பயந்துதான் போனேன், ஒத்துக்கறேன். இந்த வயசுல எனக்கு வேற எவன் வேலை குடுப்பான்? ஆனாலும் தெரிஞ்சுதான் எழுதினேம்மா, அடிக்க மாட்டேன், வெள்ளிக்கிழமை வரைக்கும் அவர் சாப்பாட்டை என்கிட்ட விடுங்க, அப்பவும் ஜக்கு பறந்தா நானே அடிச்சுத் தர்றேன்னேன். அவங்க ரெஜிஸ்டரை மூடி வச்சுட்டு, சரின்னாங்க. அவங்களும் நல்லவங்கதான்.

ஜன்னலோரம் ஒரு சின்ன மேஜையைப் போட்டேன், முதுகு ஹாலுக்கு, முகம் தெருவுக்கு. ஆழமான கிண்ணம், கனமான ஸ்பூன், கழுத்துல துணி கிடையாது, சட்டை அழுக்கானா தோய்ச்சுக்கலாம். நான் அவரைப் பார்க்காம பக்கத்துல உட்கார்ந்து தலையணை உறை மடிச்சேன். முதல் நாள் பாதி கீழ, பாதி உள்ள. ரெண்டாம் நாள் தெருவுல போறவன் தலையைக் காட்டி, யார்கிட்ட வெட்டினான் இவன், பின்னாடி ஏணிப்படி மாதிரி இருக்குன்னார். நான் சிரிச்ச சிரிப்புல சமையல்காரர் எட்டிப் பார்த்தார். வியாழக்கிழமை கிண்ணம் காலி.

வெள்ளிக்கிழமை டாக்டர் ரெஜிஸ்டரைப் புரட்டினார், பன்னிரண்டு ஆங்ரி, அப்புறம் என் வார்த்தை. இதை எழுதினது யாருன்னார். நான்தான்னு முன்னாடி வந்து நின்னேன், சொல்ல வேண்டியதைத் தமிழ்லயே கடகடன்னு சொன்னேன். டாக்டர் நம்ம சலூன் ஐயா பக்கம் திரும்பி, அப்ப இன்னிக்கு எப்படி இருக்குன்னு கேட்டார். ஐயா என் கையில இருந்த உன் தாளைக் கேட்டார். கண்ணாடியை மாட்டிக்கிட்டுப் பொறுமையா மேலிருந்து படிச்சுக்கிட்டே வந்தார், யாரும் அவசரப்படுத்தல. விரல் நடுங்கி நடுங்கி ஹேப்பி மேல நின்னுது. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள இது இல்லைன்னு தலையை ஆட்டிட்டு ரெண்டு வரி கீழ இறக்கினார். ரிலீவ்ட். தலையில இருந்த பாரத்தை இறக்கி வச்சப்ப வர்றதுன்னு நீ எழுதியிருக்கே பாரு, அது. டாக்டர், அவரை மாத்தச் சொல்லி எழுதி வச்ச தாளைக் கிழிச்சே போட்டுட்டார்! ஐயா இங்கேயேதான் இருக்கார். இப்ப உன் நாலு தாளும் ஜெராக்ஸ் ஆகி ரெஜிஸ்டர் அட்டையில ஒட்டியாச்சு, கழுத்துத் துணி யாருக்கும் கேட்காம கட்டறதில்ல. அப்பா இதைத் தெருவுல பார்க்கிறவங்க கிட்டயெல்லாம் சொல்லி, இங்கிலீஷ் டீச்சர் வீட்டுக்காரர்னு பேர் வாங்கிட்டார்.

இனிமே நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத் தலையோட வெளிய போகாதே. இன்னொண்ணு. நாலு தாளையும் எத்தனையோ தடவை புரட்டிட்டேன் கண்ணு, நீ ஒவ்வொரு தடவையும் போன்ல சொல்ற ஃபைன்ங்கிற வார்த்தை அதுல எங்கேயுமே இல்ல. நீயே எழுதலையே! மேல இருக்கிறதையே கீழ இறக்கற வேலை அம்மாகிட்ட இனிமே செல்லாது. நிஜமான வார்த்தையைச் சொல்லு, அது எதுவா இருந்தாலும் சரி, நான் பார்த்துக்கறேன். தீர்க்காயுசா, நிமிர்ந்த தலையோட நல்லா இரு.

இன்னிக்கு ப்ரௌட்னு கையெழுத்துப் போடும்,
உன் அம்மா