மூஞ்சிப்பெட்டி

மே 12, திங்கள்

மகள் பிரியாவின் டீச்சர் கூப்பிட்டு அனுப்பினாள். பிள்ளைக்குப் பென்சில் பிடிக்க வரவில்லையாம், பொத்தான் போட வரவில்லையாம். பள்ளி திறக்கும்போதும் இப்படியே இருந்தால் ஒன்றாம் வகுப்பு கிடையாது, திரும்பவும் யு.கே.ஜி.தானாம். "பொத்தான் போடுததுக்கு நான் வேணா கூட வந்து உக்காருதேன் டீச்சர்" என்றேன். சிரிக்கவில்லை. சிரிக்காதவளுக்கு எதற்கு அத்தனை பல்?

மே 14

டவுனில் விரல் பயிற்சி கொடுக்கும் இடம். கிருபாநிதி என்று ஒரு பையன், மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. பிள்ளை முகத்தில் ஒரு பெட்டியைக் கட்டிவிட்டான். வி.ஆர். என்கிறான். நான் வைத்த பேர் மூஞ்சிப்பெட்டி. உள்ளே கடல் தெரியுமாம், சிப்பியிலிருந்து விரலால் முத்து எடுக்கணுமாம். வெறும் காற்றைக் கிள்ளினால் விரல் தேறுமா? "தூத்துக்குடிக்காரனுக்கே கடலைப் பெட்டியில வச்சுக் காட்டுதியளே தம்பி" என்றேன். வீட்டுக்காரி செண்பகம் என் தொடையைக் கிள்ளினாள்.

மே 16, வெள்ளி

விளக்கு வைத்த நேரம். நம் மளிகைக் கடைக்கு வந்த செல்லப்பாண்டி அண்ணாச்சிக்குப் பிரியா சீனிப் பொட்டலத்தை நீட்டினாள் — இடக்கையால். அவர் கையை இழுத்துக்கொண்டார். "என்ன பால்துரை, பிள்ள பீச்சாங்கையால குடுக்கு?" சுள்ளென்று அவள் கையில் ஒன்று வைத்தேன். சாப்பிட, எழுத, கொடுக்க எல்லாம் வலக்கைதான் என்று எத்தனை வருடமாகச் சொல்கிறேன். வலக்கைக்கு மாற்றினாள். பொட்டலம் நழுவி, பாதி சீனி தரையில்.

மே 21

பிள்ளைக்கு இன்னும் பொத்தான் போட வரவில்லை. அந்தக் கிருபாநிதியைப் பார்த்தாலே எரிகிறது. முதல் நாளுக்குப் பிறகு பயிற்சி நேரத்தில் நான் வெளியே பெஞ்சில்தான்.

மே 26, திங்கள்

பெட்டியைக் கழற்றி அவன் மூஞ்சியிலேயே மாட்டிவிடுவது என்று உள்ளே போனேன். பிரியா பெட்டிக்குள் முத்து எடுப்பது சுவர் டிவியில் தெரிந்தது. முத்து ஒவ்வொன்றாக வருகிறது, ஒன்றும் நழுவவில்லை. அட, தேறிவிட்டாளே என்று அவளைப் பார்த்தால் — இடக்கை. வலக்கை மடியில் சும்மா கிடக்கிறது.

"பாப்பா இடக்கைக்காரின்னு ஏன் அண்ணாச்சி சொல்லல? மொத நாள் நீங்க பக்கத்துல நிக்கும்போது வலக்கையிலல்லா எடுத்தா" என்றான் கிருபாநிதி. முறைத்துவிட்டு வந்தேன்.

பஸ்ஸில் அவளைக் கேட்டேன். "ஏளா, யாரக் கேட்டு அந்தக் கையில எடுத்த?"

"அதுக்குள்ள நீங்க இல்லல்லாப்பா."

மே 27

கடையில் இன்று யாரையும் கிண்டல் பண்ணவில்லை. காய்ச்சலா என்று செண்பகம் தொட்டுப் பார்த்தாள்.

ஜூன் 2, திங்கள்

பள்ளி திறந்தது. பொத்தானைப் பிரியாவே போட்டாள். டீச்சர் முன்னால் பேரும் எழுதினாள், கோணல்தான். "லெஃப்ட் ஹேண்டா?" என்றாள் டீச்சர். "ஆமா, அதுக்கென்ன இப்ப?" என்றேன். ஒன்றாம் வகுப்பில் உட்காரவைத்துவிட்டாள்.

சாயங்காலம் செல்லப்பாண்டி அண்ணாச்சி சீனிக்கு வந்தார். பிரியா பொட்டலத்தை எடுத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் தராசுப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"ஏலே பால்துரை, பிள்ள மறுபடியும் அதே கையால..."

"கீழ ஏதும் சிந்திச்சா அண்ணாச்சி?" என்றேன், திரும்பாமலே.