பாலைவனச் செடிக்குக் கட்டிய செருப்பு

மடுமாதா துணை

மவுண்ட் ஆல்பர்ட்,
ஆக்லாந்து.
12.10.1996

என் அன்புள்ள இஞ்சாருங்கோவுக்கு,

ஸ்ரெல்லா எழுதுவது. கல்யாணம் கட்டிப் பதினேழு வருஷமாக இப்படித்தானே கூப்பிட்டேன், கடிதத்தில் மட்டும் பேர் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. போன கடிதத்தைச் சிவப்பு மையால் எழுத்துப்பிழை திருத்தித் திருப்பி அனுப்பியிருந்தீர்கள். இதையும் திருத்துங்கள், ஆனால் முதலில் கடைசிவரை வாசியுங்கள்.

ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். உங்கள் இடதுகால் பாட்டாச் செருப்பை, நீங்கள் தங்கியிருக்கிற லொட்ஜின் நாய் தூக்கிக்கொண்டு போகவில்லை. நான்தான் களவெடுத்தேன். இங்கே வரப் பெட்டி அடுக்கும்போது சேலைகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். பாவம் அந்த நாய், பதினாலு மாதமாக உங்களிடம் ஏச்சு வாங்குகிறது. இன்றைக்கே அதற்கு பேக்கரியில் ஒரு பணிஸ் வாங்கிக் கொடுங்கள். ஏன் எடுத்தாய் என்று கேட்காதீர்கள். ஏன் ஒன்றை மட்டும் எடுத்தாய் என்று வேண்டுமானால் கேளுங்கள்: இரண்டையும் எடுத்திருந்தால் நாயின் மேல் பழி போட முடியாது.

இங்கே விமான நிலையத்தில் மண் ஒட்டிய செருப்பை விடமாட்டார்கள். ஒரு அதிகாரி அதை மருந்துத் தண்ணீரில் கழுவிவிட்டு, மற்றது எங்கே என்று கேட்டான். நம் மகள் ஜனுஷா இங்கிலீஷில் என்னவோ சொன்னாள். அவன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். அப்பாவுக்கு ஒரு கால்தான் என்று சொல்லியிருப்பாள்போல.

இப்போது செய்தியைச் சொல்கிறேன். வேலைக் கடிதம் கிடைத்துவிட்டது! நிரந்தர வேலை என்று டைப் அடித்து, கையெழுத்தும் போட்டு, இந்த உறைக்குள்ளேயே வைத்திருக்கிறேன். அது இல்லாமல் உங்கள் விசா அசையாது என்றார்களே, இனி அசையட்டும் பார்ப்போம்.

நான் வேலை செய்யும் செடிக்கடை முதலாளி வீரையா அண்ணை மலேசியாக்காரர் என்று எழுதியிருந்தேன். மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்று சேர்த்தார். நானோ இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாமல் ரோசாவின் பெயர் அட்டையை எலுமிச்சைக்குக் குத்திவிட்டேன். ஒரு வெள்ளைக்காரி எலுமிச்சங்கன்றை ரோசா என்று வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அதிலும் முள், இதிலும் முள், அவளுக்கும் தெரியவில்லை. அன்றைக்கு அண்ணையின் முகம் போன போக்கைப் பார்த்து, மூன்று மாதம் முடிய என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார் என்று பயந்துபோனேன். உங்களுக்கு எழுதவில்லை. எழுதியிருந்தால் செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடைக் கோயில் அந்தோனியாரைப் பிடித்து உலுக்கியிருப்பீர்கள்.

கண்ணாடிக் கூடாரத்தின் மூலையில் ஒரு தொட்டிச் செடி இருந்தது. அமெரிக்காவில் பாலைவனத்துச் செடியாம். பெயர் ஃபெயரி டஸ்டர். தேவதைகள் தூசு தட்டும் துடைப்பம் என்று ஜனுஷா விளங்கப்படுத்தினாள். அவரைச் சாதி, பூத்தால் பிறகு சின்ன அவரைக்காய் மாதிரிக் காய்க்குமாம். ஆனால் ஆறு வருஷமாக ஒரு பூ இல்லை. இலை தொட்டாச்சிணுங்கி மாதிரி, உயரம் என் முழங்காலளவு. எனக்குப் பார்க்கப் பாவமாக இருந்தது. பாலைவனத்தில் பிறந்தது, எவ்வளவு தாகம் இருக்கும்? குழாய்த் தண்ணீர் போதாதென்று நான் வேறு தினமும் ஒரு போத்தல் ஒளித்து ஊற்றினேன்.

ஓகஸ்ட் மாதம் ஒருநாள் வீரையா அண்ணை, "ஸ்ரெல்லாம்மா, இதத் தூக்கிக் குப்பையில போட்டுருங்க" என்றார். நான் பாவம் பார்த்து நின்றேன். "இது பூத்துச்சுன்னா ஒங்க கடுதாசிய அன்னைக்கே எழுதித் தரேன்" என்று சிரித்தார். அவருக்குப் பகிடி. நான் விடுவேனா? "ஓம் அண்ணை, பிறகு கதை மாத்தக் கூடாது" என்றேன்.

நம் பக்கத்தில் காய்க்காத முருங்கைக்கு என்ன செய்வோம்? செருப்புக் கட்டித் தொங்கவிடுவோம். ரோசம் வந்து காய்க்கும். இதற்கும் அதே வைத்தியம்தான் என்று மறுநாள் உங்கள் செருப்பைக் கொண்டுபோனேன். செடியைவிடச் செருப்புப் பெரிது. கிளை ஒடியாமல் பக்கத்தில் ஒரு தடி நட்டு அதில் கட்டினேன். தண்ணீரையும் நிறுத்தினேன், குழாயை அந்தப் பக்கம் திருப்பவும் விடவில்லை. செருப்பையும் காட்டி வாய்க்குத் தண்ணீரும் கொடுத்தால் எப்படி ரோசம் வரும்? காலையில் போனதும் உங்களை ஏசுவதுபோல அதையும் ஏசினேன். வாங்க வந்தவர்கள் செருப்பைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

ஏழு கிழமை, ஐம்பது நாளளவு, ஒன்றும் இல்லை. மூன்று மாதம் முடிய நாலு நாள்தான். வியாழக்கிழமை காலை உள்ளே போனேன். நான் கத்திய கத்தில் வீரையா அண்ணை நெருப்பென்று நினைத்துத் தண்ணீர்க் குழாயோடு ஓடி வந்தார். "ஐயோ, தண்ணி ஊத்தாதேங்கோ, பூத்திட்டுது!" என்று குறுக்கே விழுந்து மறித்தேன். அந்தப் பூவுக்கு இதழே தெரியவில்லை. இளஞ்சிவப்பு நூல் நூலாக, முகத்துக்குப் பவுடர் போடுகிற பஞ்சு மாதிரி. பதினொரு பூ!

அண்ணை குனிந்து பார்த்தார். "தண்ணிய நிறுத்துனதுதாம்மா காரணம். ஆறு வருசமா நான்தான் ஊத்தி ஊத்திக் கெடுத்திருக்கேன். செருப்பு ஒன்னும் செய்யல" என்றார். செருப்புக் கட்டினதாலேதானே அண்ணை தண்ணியை நிறுத்தினேன் என்று கேட்டேன். அண்ணை குழாயைக் கீழே போட்டார். பிறகு உள்ளே போய் டைப் அடிக்கத் தொடங்கினார். செடி வளர்ப்பதில் எனக்கு விசேஷத் திறமை என்று எழுதியிருக்கிறார். அந்த வரியை ஜனுஷாவை மூன்று தரம் வாசிக்க வைத்தேன்.

இருமலுக்கு மருந்து எடுங்கள். லொட்ஜ் சாப்பாட்டில் எண்ணெய்ப் பலகாரத்தைத் தொடாதீர்கள். ஜனுஷா என் தோளைத் தாண்டிவிட்டாள், தமிழில் கேட்டால் இங்கிலீஷில்தான் பதில்.

நாய் ஒருநாள் கொண்டுவந்து போடும் என்று மற்றச் செருப்பை வைத்திருப்பதாக எழுதினீர்களே, எறிந்துவிடாதீர்கள். வலதுகாலுக்கு அதையே போட்டுக்கொண்டு வாருங்கள். நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள், இங்கே பிடிப்பார்கள். இடதுகாலுக்குரியதை நான் விமான நிலையத்துக்குக் கொண்டு வருகிறேன். மாதா உங்களைச் சுணங்காமல் கூட்டிக்கொண்டு வரட்டும்.

உங்கள்,
ஸ்ரெல்லா

பி.கு. நீங்கள் பார்க்க ஒரு பூவையும் உள்ளே வைக்க இருந்தேன். குசினி மேசையில் கடிதத்தை மடிக்கும்போது தும்மல் வந்தது. பூ பக்கத்தில் இருந்த தேங்காய்ப்பால் இறால் சொதிக்குள் போய்விட்டது. ஜனுஷா இறால் என்று நினைத்துச் சாப்பிட்டாள். உப்புக் காணாது என்று மட்டும் தமிழில் சொன்னாள்.