கப்டனுக்குக் கிணத்துத் தண்ணி

சஹ்லாட வாப்பா,

துறைமுகத்தில நைட் வேலை முடிச்சு வந்து படுத்திருக்கிறீங்க, எழுப்ப மனம் வரல்ல. நான் உப்புவெளிக்கு வேலைக்குப் போறன். சோறும் மீன் ஆணமும் மூடி வச்சிருக்கன். வெளிய போனா வீட்டைப் பூட்டித் திறப்பைப் பக்கத்து வீட்டுப் பூரணியக்காட்ட குடுங்க, மகள் பள்ளிக்கூடம் விட்டு வருவாள்.

"நமக்கே மருந்தெடுக்க வழியில்ல, தவளைக்கு டொக்டரா" எண்டு நேத்து கத்தினீங்க. சரி, டொக்டர் வேணாம். ஆனா மகள் வளர்க்கிற கப்டனைச் சாக விட மாட்டன். நீங்க வேலைக்குப் போன பிறகு மிருக வைத்தியருக்குப் போன் எடுத்துக் கேட்டனான். பைப் தண்ணியில போடுற குளோரின் தவளைட தோலுக்கு ஆகாதாம். பின்னங்கால் சிவந்தது அதாலயா இருக்குமாம். ஒவ்வொரு நாளும் கிணத்துத் தண்ணி மாத்தச் சொன்னார். சவுக்காரம் போட்ட கையால தொடாதீங்க.

விடியப் பார்த்தா கப்டன்ட பேசினில புதுத் தண்ணி. உங்கட முழங்கால் வலிக்கு மாமி கிண்ணியாவில இருந்து குர்ஆன் ஓதி அனுப்பின தண்ணிப் போத்தல் காலி. இந்த வீட்டில வேற ஆர் ஊத்துற? குளோரின் கதை தெரியாமலே சரியான தண்ணியை ஊத்தியிருக்கிறீங்க, அது மாமிட கிணத்துத் தண்ணிதானே. இப்ப கப்டன் ஒரு ஈயைப் பிடிச்சுத் திண்டிச்சு. எனக்கும் கோபம் போயிட்டு.

பின்னேரம் கிண்ணியாவுக்குப் போய் கேன் நிறைய அள்ளிட்டு வாங்க. இதைச் சுகமாக்காம நான் விடுறதா இல்ல.

நஸ்ரின்

மாமிட்ட கால் வலிக்கு எண்டு மட்டும் சொல்லுங்க. எந்தக் கால் எண்டு கேட்டா, வாய் தவறிப் பின்னங்கால் எண்டு சொல்லிராதீங்க.