ஊன்றாத கம்பம்

குஜிலியம்பாறை,
ஞாயிறு மாலை

அன்புள்ள அப்பாவுக்கு,

நடந்தது எதையும் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன். மதுரைச் சிறையில் கடிதங்களைப் பிரித்துப் படிப்பார்கள் என்று அம்மா எச்சரித்தாள். படிக்கட்டும்; எல்லாம் உண்மைதான்.

பாகப்பிரிவினையில் நமக்கு வந்த கடலைக் குடோன் வீடாகிவிட்டது. தன் காட்டில் மின்கம்பம் ஊன்ற விடமாட்டேன் என்று பெரியப்பா மறித்ததால்தானே நீங்கள் அவர் மண்டையை உடைத்து உள்ளே போனீர்கள்? அந்தக் கம்பமே வேண்டாம் என்று அம்மா முடிவெடுத்தாள். கூரையில் சோலார் தகடு, உள்ளே பேட்டரி. குளிக்க, வெயிலில் சூடாகும் வெந்நீர்த் தொட்டி. அடுப்புக்குச் சாண எரிவாயு.

பெரியப்பா ரோட்டில் நின்று, "சூரியனைப் புடிச்சு டப்பாவுல அடைக்கப் போறாகளாம்" என்று சிரித்தார். பிறகு நம்மைவிடப் பெரிதாக, தன் மாடி முழுக்கத் தகடு போட்டார். லைன்தான் இருக்கிறதே என்று பேட்டரி வாங்கவில்லை. லைனில் கரண்ட் போனால் பேட்டரி இல்லாத அந்த வகைத் தகடு உச்சி வெயிலிலும் நின்றுவிடும். புத்தகத்தில் படித்திருந்தேன். அவரிடம் சொல்லவில்லை.

இன்று அவர் மகள் ஆனந்தி அக்காவுக்கு நிச்சயதார்த்தம். பந்தி உட்கார்ந்ததும் டிரான்ஸ்ஃபார்மர் புகைந்தது. மாடியில் தகடுகள் பளபளத்தன. கீழே ஒரு ஃபேனும் சுற்றவில்லை. மாப்பிள்ளையின் தாத்தாவுக்கு மயக்கம் வந்து, நம் குடோனுக்குத் தூக்கி வந்தார்கள். பின்னாலேயே மாப்பிள்ளை வீட்டார் எல்லாரும் வந்துவிட்டார்கள். அம்மா ஃபேன் போட்டு, மோர் கொடுத்தாள். பெரியப்பா மட்டும் வெயிலில் நின்றார். அம்மா வாசலுக்குப் போய், சம்பந்தி வீட்டார் காதில் விழும்படி, "உள்ள வாங்க மாமா. குறுக்க கம்பம் ஒண்ணும் நிக்கல" என்றாள்.

தலைத் தழும்பைத் தடவிக்கொண்டே உள்ளே வந்தார். அம்மா கையால் மோர் வாங்கிக் குடித்தார். நான் கண்ணெடுக்காமல் பார்த்தேன். இனித்தது அப்பா.

போன மாதம் நாங்கள் பார்க்க வந்தபோது, "வெளிய வந்து மிச்சத்தை முடிக்கிறேன்" என்றீர்கள். மிச்சம் எதுவும் இல்லை. ஒளித்து வைத்த அரிவாளையும் தேட வேண்டாம். சாணத் தொட்டிக்குக் காங்கிரீட் போட்ட அன்று அம்மா அதை அடியில் புதைத்துவிட்டாள். நேரே வீட்டுக்கு வாருங்கள். வெந்நீர் எப்போதும் இருக்கிறது.

வழி பார்த்திருக்கும் மகள்,
இளவேனில்

பின்குறிப்பு: பெரியப்பா வீட்டில் இன்னும் கரண்ட் வரவில்லை. இருட்டு வாசலில் உட்கார்ந்து நம் விளக்கையே பார்க்கிறார். செத்த நேரம் பார்க்கட்டும் என்று எரியவிட்டேன். இந்த வரியை முடித்ததும் எல்லா விளக்கையும் அணைத்துவிடுவேன்; அந்த வெளிச்சமும் அவருக்கு இல்லை.