காலையிலிருந்து சொல்கிற வழி

மதினி,

அந்த அறை வாசலில் கை வைக்கப் பித்தளைத் தகடு இல்லை. அதைத்தான் நான் முதலில் கவனித்தேன். விருதுநகர் ஆஸ்பத்திரி மாடியில், மனசுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டரம்மாவின் அறை அது. செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டேன். கொண்டை ஊசியை உருவி அண்ணன் கையில் கொடுத்தேன். பிறகு என் வலது கை தானாக நீண்டு, நிலைக்குப் பக்கத்துச் சுவரைத் தடவிக்கொண்டு நின்றது. “என்னம்மா தேடுறீங்க?” என்று அவர் உள்ளேயிருந்து கேட்ட பிறகுதான், நான் நுழையப்போவது பட்டாசுக் கம்பெனி ரூம் இல்லை என்பது உறைத்தது.

கம்பெனி ரூமுக்குள் செருப்பு, இரும்பு எதுவும் ஆகாது; உடம்பில் இருக்கிற மின்சாரமும் வெடிமருந்தில் பட்டுவிடக் கூடாதென்று தினமும் அந்தத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தானே உள்ளே போவோம். நீங்கள் தொட்ட கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, “ஏட்டி, சாமி கும்பிட்டாச்சு, திரி எடுத்துட்டு வா” என்பீர்கள். டாக்டரம்மாவிடம் இதைச் சொல்ல வாய் வரவில்லை. சுவரில் தூசி இருந்தது என்று சொல்லி வைத்தேன்.

அது முதல் தடவை. இன்று மூன்றாம் தடவை போய்விட்டு வந்தேன். வந்ததும் கை கால்கூடக் கழுவாமல் உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். மனசு ஓடுகிற ஓட்டத்துக்குக் கை ஓடவில்லை, எழுத்து கோணிக்கொண்டு போகிறது. பத்தாவதோடு நின்றவள் கையெழுத்து இப்படித்தான் இருக்கும், சிரிக்காதீர்கள்.

உங்களிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. அன்று பக்கத்து மருந்து ரூமில் தீப்பிடித்தபோது நான் வெடிகளைக் காயப்போட வெளியே போயிருந்தேன், நீங்கள் நம் ரூமுக்குள் இருந்தீர்கள். அதற்குப் பிறகு குக்கர் விசில் அடித்தால் நான் தெருவுக்கு ஓடினேன். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். என்னால் பொறுக்க முடியாதது வேறு. என் மனசிலிருந்து உங்கள் முகம் போய்விட்டது மதினி. சாத்தூரில் காராசேவுப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு நீங்கள் சிரித்ததை நினைத்தாலும், உடனே அந்தப் புகை வந்து மூடிவிடும். எந்த நாளை நினைத்தாலும் அந்த ஒரு நாள்தான் வந்து நின்றது.

போன வாரம் டாக்டரம்மா எனக்கு முன்னால் சில வழிகளை எடுத்து வைத்தார். அவர் விரலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைப்பார், அந்த நாளை மனசில் வைத்துக்கொண்டு நான் விரலையே பார்க்க வேண்டும், அதிகம் பேச வேண்டியதில்லை. இல்லையென்றால், இதே மாதிரி அடிபட்ட மற்ற பெண்களோடு வட்டமாக உட்கார்ந்து பேசலாம். இன்னொன்று, அந்த நாளைக் காலையிலிருந்து, இப்போது நடப்பதைப் போல வாய்விட்டுச் சொல்வது. ஒரு தடவை இல்லை, வாரா வாரம் திரும்பத் திரும்ப. தூக்கத்துக்கு மாத்திரை வேண்டுமானால் அதையும் சேர்த்துக்கொள்ளலாம். ஒருத்தருக்குச் சரிவருவது இன்னொருத்தருக்கு வராது, பிடிக்காவிட்டால் பாதியில் மாற்றிக்கொள்ளலாம் என்றார்.

அண்ணன் முந்திக்கொண்டான். “இவ பேச மாட்டா டாக்டர். அந்த விரல் ஆட்டுறதையே வச்சுக்கிடுவோம்.”

“அவங்க சொல்லட்டும் சார்.”

எனக்குக் காது சூடாகிவிட்டது. என்னை யார் இப்படிக் கேட்டிருக்கிறார்கள்? சாத்தூர் ஜவுளிக்கடையில் நீங்கள் கேட்டீர்கள். “ஏ ஊமக்குசும்பி, பச்சையா மஞ்சளா? வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க?” நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நீங்களே பச்சையை எடுத்துக் கொடுத்தீர்கள். எனக்கு மஞ்சள்தான் பிடித்திருந்தது. இப்போதாவது தெரிந்துகொள்ளுங்கள்.

பதில் சொல்வதற்குப் பதிலாக நான் ஒரு கேள்வி கேட்டேன். “டாக்டர், சரியாயிட்டா எங்க மதினிய மறந்துருவேனா?”

அவர் நாற்காலியை என் பக்கம் திருப்பிக்கொண்டார். “மறக்க வைக்கிற வைத்தியம் எங்கிட்ட இல்லம்மா. அந்த நாள் அது நடந்த இடத்துல நிக்கணும். மத்த நாள்ல எல்லாம் வந்து உட்காரக் கூடாது. அதுக்குத்தான் இவ்வளவும். வீட்டுல யோசிச்சிட்டு வாங்க.”

ஒரு வாரம் எனக்கு வேறு வேலையே ஓடவில்லை. வீட்டில் அட்டைப்பெட்டி ஒட்டிக்கொண்டே யோசித்தேன். ஒருநாள் அந்த விரல் வழி எப்படி இருக்கும் என்று பார்க்க, அடுப்படியில் நின்று என் விரலை நானே கண்ணுக்கு முன்னால் ஆட்டினேன். அம்மா பார்த்துவிட்டு, “ஏலே, இங்கன ஓடியா, இவளுக்கு என்னமோ ஆயிருச்சு!” என்று அண்ணனைக் கூப்பிட்டுவிட்டாள். திருநீற்றோடு வந்த அண்ணனிடம் விளக்குவதற்குள் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து எவ்வளவு நாளாயிற்று!

அந்தச் சிரிப்போடுதான் உங்கள் தண்ணீர்க் கதை வந்தது.

முதன்முதலில் அதை நீங்கள் ரூமில் சொன்ன நாள் ஞாபகம் இருக்கிறதா? சின்ன வயதில் ஆனைக்குட்டம் அணையில் குளிக்கப் போய், சேற்றில் கால் வழுக்கி உள்ளே போய்விட்டீர்கள். ஆடு மேய்க்கிறவர் ஒருவர் தலைமுடியைப் பிடித்து இழுத்துப் போட்டார். அதைச் சொல்லும்போது திரியை அப்படியே வைத்துவிட்டு, பாதியிலேயே எழுந்து வெளியே போய்விட்டீர்கள். அடுத்த வாரம் நீங்களாகவே மறுபடி ஆரம்பித்தீர்கள். பிறகு இன்னொரு தடவை. ஒவ்வொரு தடவையும் ஒன்று கூடிற்று. உங்கள் பாவாடையின் நிறம், கரையில் கத்திய ஆடு, அந்த மனிதர் திட்டிய திட்டு. தீபாவளி சீசன் வருவதற்குள் ரூமில் இருந்த மற்ற மூன்று பேருக்கும் கதை மனப்பாடம். “அந்தாளு இழுத்த இழுப்புலதான் எனக்கு நெத்தி இம்புட்டு ஏறிப்போச்சு” என்று நீங்கள் நெற்றியைக் காட்டுவீர்கள், நாங்கள் திரியைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்போம். ஒருநாள் வேனில் என்னிடம் மட்டும் சொன்னீர்கள்: “சொல்லச் சொல்லத் தண்ணி வத்திருச்சுட்டி.”

அதை இன்று டாக்டரம்மாவிடம் சொன்னேன். நான்தான் சொன்னேன், முழுசாக! திக்கித் திக்கித்தான் வந்தது, ஆனால் நிற்கவில்லை. ஆடு கத்துகிற இடத்தில் அண்ணன் குறுக்கே வந்தான்.

“எங்கிட்டச் சொல்லும்போது முதலை வந்துச்சு டாக்டர்.”

“முதலையா? ஆனைக்குட்டத்துலயா?”

“அவ சொன்னா வரும்” என்று சொல்லிவிட்டு அண்ணன் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். நீங்கள் போன பிறகு உங்களைப் பற்றி அவன் வாய்திறந்தது இதுதான் முதல் தடவை. தோள் குலுங்கிற்று. அழுகிறானென்று நினைத்தேன், சிரித்துக்கொண்டிருந்தான். கொஞ்சம் அழவும் செய்தான்.

“எனக்குச் சொல்ற வழிதான் வேணும்” என்றேன்.

“அதுதான் உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னு நினைச்சேன்” என்றார் டாக்டரம்மா. “ஏன் அது?”

எனக்குப் பதில் தயாராக இருந்தது, வாரம் முழுக்க அதைத்தானே உருட்டிக்கொண்டிருந்தேன். “காலையில இருந்து சொல்லணும்னீங்கள்ல டாக்டர்? காலையில மதினி இருந்தாக. மத்தியானம் சோத்துச் சட்டியத் தொறக்கையிலயும் இருந்தாக. அம்புட்டையும் சொல்லிட்டுத்தான அந்த எடத்துக்கு வரணும்.”

அதை அவர் நோட்டில் எழுதிக்கொண்டார். பிறகு, அந்த இடமும் வரும், அங்கேயும் நின்றுதான் சொல்ல வேண்டியிருக்கும், ஆரம்பத்தில் தூக்கம்கூடக் கெடலாம் என்று ஒளிக்காமல் சொன்னார். தாங்க முடியாவிட்டால் கையைத் தூக்கச் சொன்னார். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் தேருக்கு முந்தின நாள் மாதிரி நெஞ்சு குதித்துக்கொண்டிருந்தது. அண்ணனை வெளியே உட்காரச் சொன்னேன். நானே சொன்னேன், அவனும் மறு பேச்சில்லாமல் போனான்.

“அடுத்த வாரம் ஆரம்பிப்போமா?”

“இப்பமே.”

மூச்சு விடுகிற விதத்தை முதல் இரண்டு தடவையிலும் சொல்லிக்கொடுத்திருந்தார். அப்படியே விட்டேன். பாதத்தைத் தரையில் அழுத்தி வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தேன்:

“வேன் வந்து நிக்கிது. மதினி எனக்கு முந்தி ஏறி, சன்னல் சீட்டப் பிடிச்சிட்டாக.”