ஆரஞ்சு மேல்சட்டை மட்டும் வந்து சேர்ந்த சனிக்கிழமை

ஸ்டோனி இன்லெட், டாஸ்மேனியா
அக்டோபர் 7

அன்பு மகள் டாம்சினுக்கு,

நானும் உன் அப்பாவும் நாயும் உயிரோடும் ஓரளவு மூளையோடும் இருக்கிறோம். மூளை விஷயத்தில் உன் அப்பாவுக்கு மட்டும் என்னால் உறுதி சொல்ல முடியாது, காரணம் பின்னால் வருகிறது. நீயும் கனடாப் பனியில் மூக்கு உறையாமல் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் சொல்லாமல் இதை எழுதுவது ஏனென்றால், போனில் நீ குறுக்கே பேசுவாய். கடிதத்தில் அது முடியாது, கடைசிவரை நான்தான் பேசுவேன்.

போன கிறிஸ்துமஸுக்கு நீ போனில் சொன்னதை நான் மறக்கவில்லை. நான் இந்த வருடம் ஐந்து கிலோமீட்டர் ஓடப் போகிறேன், இருபத்து நான்கு புத்தகம் படிக்கப் போகிறேன் என்றதும், "அம்மா, உன் வயசுக்கு ஏத்த மாதிரி ஏதாவது வெச்சுக்கோயேன், மாசம் ஒரு புத்தகம், சாயங்காலம் ஒரு நடை" என்றாய். இறைச்சிக் கூடத்தில் ஆண்கள் தூக்கத் திணறிய பெட்டிகளைத் தூக்கி உன்னைப் படிக்கவைத்தவளிடம் இப்படிச் சொன்னாய். பிறகு சிரித்துக்கொண்டே பந்தயம் கட்டினாய். நம் ஊரில் வாராவாரம் நடக்கும் ஐந்து கிலோமீட்டர் சனிக்கிழமை ஓட்டத்தில் ஒரு அடிகூட நடக்காமல் நான் முழுக்க ஓட வேண்டும், முடிவுப் பட்டியலில் என் பெயர் வர வேண்டும், நடக்கவில்லை என்று கூடவே வரும் டெஸ் சாட்சி சொல்ல வேண்டும், புத்தகங்களும் முடிய வேண்டும். எல்லாம் நடந்தால் இந்தக் கிறிஸ்துமஸுக்கு நீ வீட்டுக்கு வருவாய். ஐந்து வருடமாக வராதவளுக்கு அப்படிச் சொல்வது சுலபமாகத்தான் இருந்திருக்கும், நான் தோற்பேன் என்று உனக்கு அவ்வளவு நம்பிக்கை.

புத்தகக் கணக்கை முதலில் முடித்துவிடுகிறேன். இருபத்து மூன்று முடிந்தது, எல்லாம் கண்ணால் படித்தது. நீ சமையல் செய்துகொண்டே காதில் மாட்டிக்கொண்டு, அதையும் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்டுவிட்டு, படித்தேன் என்று உலகத்துக்கு அறிவிக்கிறாயே, அந்த மாதிரி இல்லை. வேறு யாரோ படித்ததைக் கேட்டால், படித்தது அந்த வேறு யாரோதான். நான் பள்ளிக்கூடத்தைப் பதினான்கு வயதில் விட்டவள், அதனால் ஒவ்வொரு வார்த்தையையும் நானே பார்த்தால்தான் எனக்கு நிம்மதி. இருபத்து நான்காவது, வாழ்க்கையையே மாற்றும் என்று சொல்லி நீ அனுப்பிய அந்தத் தடிப் புத்தகம், அந்தச் செங்கல். உன் சொந்தப் பிரதி. அறுபதாம் பக்கத்துக்குப் பிறகு ஜாம் கொட்டித் தாள்கள் ஒட்டியே கிடந்தன, கத்தியால் பிரித்துத்தான் படிக்கிறேன். உன் வாழ்க்கை மாறியது அறுபதாம் பக்கத்துக்குள் போலிருக்கிறது.

இனி ஓட்டம். டெஸ் ஹெஃபர்னனை உனக்குத் தெரியும், உன் பள்ளிப் பேருந்தை ஓட்டியவர். இப்போது நம் ஓட்டத்தில் ஆரஞ்சு மேல்சட்டை போட்டுக்கொண்டு எல்லோருக்கும் பின்னால் நடந்து வருபவர் அவர்தான். யாருமே கடைசி ஆகக் கூடாது என்பதற்காகக் கடைசியாக வர ஒரு ஆள். நான் ஓடினாலும் அவர் நடந்தே என்னோடு ஒட்டிக்கொண்டு வருவார், அதை யோசித்தாலே எரிச்சல் வரும், யோசிக்காதே. போன சனிக்கிழமை பாதிக்கு மேல் ஓடிவிட்டேன், ஒரு அடிகூட நடக்கவில்லை. கலங்கரை விளக்கத்துப் பெரிய மரத்தில் ஒரு மேக்பை, அந்தக் கறுப்பு வெள்ளைப் பறவை, கூடு வைத்திருக்கிறது. வசந்தம் வந்தால் குஞ்சைக் காக்க அது போகிறவர் தலையில் எப்படிப் பாய்ந்து கொத்தும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. எல்லோரும் அது கிட்டே வராதபடி பிளாஸ்டிக் பட்டைகளை முள்ளாக நீட்டிய சைக்கிள் ஹெல்மெட்டோடு அந்த இடத்தைத் தாண்டுவார்கள். டெஸ் மாட்டார். "அது குஞ்சா இருந்ததுலேர்ந்து என்னைப் பாக்குது, ஒண்ணும் பண்ணாது" என்பார். அன்று அது அவருடைய வழுக்கையில் இறங்கி, திரும்பி வந்து காதையும் கிழித்துவிட்டது. ரத்தம் கழுத்து வரைக்கும்.

நின்றால் பந்தயம் போச்சு. அதனால் நிற்கவில்லை. திரும்பி ஓடி, தொப்பியை வீசிக்கொண்டு டெஸ்ஸைச் சுற்றிச் சுற்றி ஓடினேன், செம்மறியை மடக்கும் நாய் மாதிரி. அவர் காதைப் பொத்திக்கொண்டு, "நிக்காத நோலீன், நீ போ! உன் பொண்ணு என்னத்தானே கேப்பா!" என்று கத்துகிறார். மேலே பறவை கத்துகிறது. நான் இரண்டு பேரையும் திட்டிக்கொண்டே ஓடுகிறேன். நண்டுப் படகுக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தினார். டெஸ் ஏற மறுத்தார். "நான் ஏறிட்டா உனக்குப் பின்னால யாரு வர்றது?" ஏறித் தொலையுங்கள் என்று நான்தான் விரட்டினேன்.

அந்த நண்டுக்காரர் என்ன செய்தார் தெரியுமா? மருத்துவமனைக்குப் போகிற வழியில், முடிவுக் கோட்டில் அந்த மேல்சட்டையை ஜன்னல் வழியாக எறிந்துவிட்டுப் போய்விட்டார். மேல்சட்டை வந்துவிட்டால் எல்லோரும் வந்துவிட்டார்கள் என்று அர்த்தம். அதில் ரத்தம் இருந்ததைப் பற்றி ஒருவருக்கும் யோசனை வரவில்லை. கடிகாரத்தை நிறுத்தி, கொடியைச் சுருட்டி, காபி குடிக்கப் போய்விட்டார்கள். நான் ஓடி வந்து சேர்ந்தபோது அங்கே இருந்தவை கடற்காகங்கள். என் பொருட்டே வந்து நின்ற உன் அப்பா எங்கே? எதிர்க் கடையில், வாய் நிறைய சிப்பிக்கறி அடைத்த பேஸ்ட்ரியோடு. "டெஸ்ஸோட சட்டை வந்துடுச்சே, நீ முடியாம பாதியிலயே வீட்டுக்குப் போயிட்டன்னு நெனச்சேன் கண்ணு" என்றார். நாற்பத்தாறு வருடம் என்னோடு வாழ்ந்தவர் நினைத்தது இது. அந்தப் பேஸ்ட்ரியின் மீதியை நாய்க்குப் போட்டேன்.

ஓட்டத்தை நடத்தும் ஷோனா ஓடி வந்தாள், பல் டாக்டரின் மனைவி, அழாத குறை. "குத்துமதிப்பா ஒரு நேரம் போட்டு உங்க பேரைச் சேத்துடறேன், யாருக்குத் தெரியப் போகுது?" என்றாள். எனக்குத் தெரியுமே. குத்துமதிப்பாக நான் ஓடவில்லை. வேண்டாம் என்றேன்.

ஆகவே பட்டியலில் என் பெயர் இல்லை. டெஸ் தையல் போட்ட காதோடு, தான் வண்டியில் ஏறும் வரைக்கும் நான் நடக்கவில்லை என்றுதான் சொல்ல முடியும் என்கிறார், பொய் சொல்லத் தெரியாத மனிதர். அடுத்த வாரம் மறுபடி ஓடினால் போச்சு என்று நீ சொல்வாய், உன் அப்பாவும் அதையேதான் சொல்கிறார். மாட்டேன். செய்து முடித்த வேலையை, பார்க்க ஆளில்லாமல் போனதற்காக இன்னொரு முறை செய்ய மாட்டேன். நான் முழுக்க ஓடினேன், ஒரு அடிகூட நடக்கவில்லை, டெஸ்ஸைச் சுற்றிய சுற்றுகளையும் சேர்த்தால் ஐந்து கிலோமீட்டருக்கு மேலேயே ஓடினேன். இதற்கு என் வாயைத் தவிர ஆதாரம் கிடையாது. உன் அப்பா என்ன நினைத்தார் என்று சொல்லிவிட்டேன். நீ என்ன நினைக்கிறாய் என்பது நீ டிக்கெட் வாங்குகிறாயா இல்லையா என்பதில் தெரிந்துவிடும். அந்தச் செங்கலை அதற்குள் முடித்துவிடுவேன். நீ வந்தால் அறுபதாம் பக்கத்துக்குப் பிறகு என்ன ஆகிறது என்று சொல்கிறேன்.

உன் முழங்கால்களும் கண்களும் நீ போய்ச் சேரும் நாள்வரை உனக்கு உழைக்கட்டும், அடுப்பு அணையாமல், வேலை போகாமல் நன்றாக இரு. ஓடுகிற ஷூவை மறக்காமல் எடுத்து வை. கிறிஸ்துமஸுக்கு அடுத்த சனிக்கிழமை டெஸ்ஸுக்குப் பதிலாக ஆரஞ்சு மேல்சட்டை எனக்கு, பெயர் கொடுத்துவிட்டேன். அதற்குள் மேக்பை குஞ்சுகள் பறந்து போயிருக்கும், என்னைத் தவிர உன்னை யாரும் கொத்த மாட்டார்கள். எவ்வளவு மெதுவாக வேண்டுமானாலும் ஓடு. நீ கோட்டைத் தாண்டும்வரை அந்தச் சட்டை உனக்குப் பின்னால்தான் வரும்.

இப்படிக்கு,
முழுக்க ஓடிய உன் அம்மா,
நோலீன்